மேற்கே நடந்த பிள்ளையார்

தம்பி, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா? ரொம்ப வேணாம், ஒரு சாண் போதும். நான் ஓரமா ஒட்டிக்கிட்டு உக்காந்துக்குவேன். இந்தப் பையை மட்டும் நடுவுல வெச்சுக்கிறேன். கீழ வைக்கலாம்தான், ஆனா உள்ள இருக்கிறது சாமி காரியம், கால் படக் கூடாது. கனமாவா தெரியுது? கல்லு தம்பி, அதான். என்னன்னு அப்புறம் சொல்றேன்.

கண்டக்டர் தம்பி, ஒரு லட்சுமி கணபதி கார்டன். என்னது? அப்படி ஸ்டாப்பே இல்லையா? ஒன்பது வருஷமா அங்க குடியிருக்கிறேன்யா, எங்கிட்டயே... சரி, சரி. கத்தாதீங்க. நடந்த பிள்ளையார் கோயில் ஒண்ணு குடுங்க.

கேட்டீங்களா தம்பி? நடந்த பிள்ளையாராம். கண்டக்டருக்கும் அதான் பேரு, ஆட்டோக்காரனுக்கும் அதான் பேரு. போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த பையன்கூட, 'நடந்த பிள்ளையார் கோயில் பக்கத்துல இருக்கிற வீடுங்களா சார்'னு கேட்டுட்டு நிக்கிறான். நடந்தாராம்! அவரை நடக்க வெச்சவன் யாருன்னு நெனைக்கிறீங்க? இதோ, உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறேனே, நான்தான். நீங்க எங்க எறங்குறீங்க? கடைசி ஸ்டாப்பா? அப்பச் சரி, முக்கால் மணி நேரம் இருக்கு, சொல்லி முடிச்சிடலாம்.

என் பேரு வைரவநாதன். சர்க்கரை ஆலையில டைம் ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருஷம். ரிட்டையர் ஆனதும் இங்க மனை வாங்கி வீடு கட்டினேன். அப்போ அங்க ஒண்ணுமே கிடையாது. வெறும் கல்லு நட்ட பொட்டல். திருச்சியிலேர்ந்து ஒருத்தர், காரைக்குடியிலேர்ந்து ஒருத்தர், ரெண்டு பேரு வெளிநாட்டுலேர்ந்து, இப்படி ஆளுக்கு ஒரு திசையிலேர்ந்து வந்து சேந்தோம். நூத்திப் பதினெட்டு மனை, முப்பத்தோரு வீடு. சங்கம் ஆரம்பிச்சோம். சட்டதிட்டம் எழுதினோம், இருபத்தாறு பக்கம். கொடிகூட உண்டு தம்பி, சிரிக்காதீங்க. மஞ்சள்ல ஒரு தாமரை, நடுவுல ஒரு தும்பிக்கை. சுதந்திர தினத்தன்னிக்கு தேசியக் கொடியை ஏத்திட்டு, பக்கத்துல சின்னக் கம்பத்துல அதையும் ஏத்துவோம். வக்கீல் பரிமேலழகன் தலைவர், நான் செயலாளர். ஒரு புது தேசம் பொறந்த மாதிரிதான் இருந்துது எங்களுக்கு.

தேசம்னா விரியணும் இல்லையா? கிழக்கே மெயின் ரோடு. வடக்கே ரைஸ்மில்லு. தெற்கே கண்மாய். மேற்கே மட்டும் நாலு ஏக்கர், சும்மா திறந்து கிடந்துது. மேய்க்கால் புறம்போக்கு, மேய்ச்சலுக்குன்னு விட்ட சர்க்கார் நிலம். யாருமே இல்லை.

யாருமே இல்லைன்னா, சேவுகனும் இருளாயியும் இருந்தாங்க. புருஷன் பொண்டாட்டி. அவங்க அண்ணன் தம்பி குடும்பம் ஒரு நாலஞ்சு. முன்னூறு செம்மறி. அறுப்பு முடிஞ்சா வயல் வயலாப் போயி கிடை போடுவாங்க, ஆட்டை ராத்திரி வயல்ல அடைச்சு வெச்சா எருவாகும்ல, அதுக்காக. ஆடி முடிஞ்சு வயல்ல பயிர் ஏறிட்டா ஆடு எங்கயும் இறங்க முடியாது. அப்போ தை வரைக்கும் இந்தப் பொட்டல்தான். அவங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தானாம். ஆனா அதெல்லாம் இருக்கிறதுல சேத்தியா? ஒரு சுவரு உண்டா? ஒரு கதவு நம்பர் உண்டா? மழை பெஞ்சா அந்த வாடை இருக்கே, எங்க வீட்டுக்குள்ள மூக்கை வைக்க முடியாது. என் வீடுதான் மேற்கோரத்துல கடைசி வீடு. சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தா முன்னூறு ஆடு உங்களையே பாக்கும்.

உங்களுக்கு வெயில் அடிக்குதோ? எனக்கும்தான். ஜன்னல் பக்கம் நான் வந்துடட்டுமா? எனக்கு வெயில் பழக்கம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அப்படி, அப்படித்தான். பை அங்கேயே இருக்கட்டும், பரவாயில்லை.

எங்க விட்டேன்? ஆங், இடம். உண்மையைச் சொல்லணும்னா எனக்கு இன்னொரு காரணமும் இருந்துது. எனக்கு ஒரே பையன், தென்னவன். அமெரிக்காவுல கான்சாஸ்னு ஒரு ஊரு. ஒவ்வொரு தடவையும், 'வந்துடுறேம்பா, அடுத்த வருஷம் வந்துடுறேன்'ம்பான். வந்தா எங்க இருப்பான்? எங்க வீடு ரெண்டு ரூம். ஒட்டின மாதிரி மேற்கால ஒரு வீடு கட்டிக் கொடுத்துட்டா? நடுச் சுவத்துல ஒரு கதவு வெச்சுட்டா? என் வீட்டம்மா கமலவேணி அந்தக் கதவை எங்க வைக்கணும்னு சாக்பீஸால கோடே போட்டு வெச்சிருந்தா. கார்டனுக்குள்ள எண்பத்தேழு மனை காலியாத்தான் கிடந்துது, இல்லேங்கலை. ஆனா அதெல்லாம் தள்ளி. எனக்கு ஒட்டி வேணும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் எங்களைக் கூட்டிட்டுப் போனான், ஆறு மாசம். அங்க ஒரு மியூசியம். கூண்டு வண்டி, துப்பாக்கி, எருமை மண்டைன்னு வரிசையா வெச்சிருந்தான். ஒரு அம்மா சுத்திக் காட்டிச்சு. தென்னவன் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தான். தம்பி, நான் அசந்து போயிட்டேன். அந்த நாடு பொறந்தப்போ எத்துனூண்டு தெரியுமா? கிழக்கோரமா பதிமூணு மாநிலம், அவ்வளவுதான். மேற்கே பூராவும் வேற ஆளுங்க. காலங்காலமா இருந்தவங்க. எடுத்துக்கிட்டான்! எடுத்துக்கிட்டது பெருசில்லை தம்பி. எடுத்துக்கிறதை எந்த மடையனும் செய்வான். அதுக்குக் காரணம் சொன்னான் பாருங்க, அங்கதான் நிக்கிறான்.

ஒரு பத்திரிகைக்காரன் எழுதினானாம், இந்தக் கண்டம் முழுக்க நாம பரவணும்கிறது கடவுள் எழுதி வெச்ச விதின்னு. நமக்கா ஆசை? ஐயையோ, இல்லவே இல்லை. கடவுள் சொல்லிட்டார், தட்ட முடியுமா? அப்புறம், வருஷா வருஷம் நமக்குப் புள்ளைங்க பொறக்குது, இடம் வேணுமே. அங்க இருக்கிறவன் உழுறதில்லை, வேலி போடுறதில்லை, சும்மா எருமை பின்னாடியே ஓடுறான். உபயோகப்படுத்தாதவனுக்கு எதுக்கு மண்ணு? நாம போனா பள்ளிக்கூடம் வரும், ரயில் வரும், அவனுக்கும் நாகரிகம் வரும். அதாவது எடுக்கிறதே அவன் நல்லதுக்குத்தான்! எனக்கு அங்கேயே கைதட்டணும் போல இருந்துது. கூட வந்த கமலவேணி மட்டும் அந்த அம்மாகிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொன்னா. 'அந்த ஆளுங்கள்லாம் இப்போ எங்க இருக்காங்கன்னு கேளுடா'ன்னா. கான்சாஸ்ங்கிறதே ஒரு கூட்டத்தோட பேராம். அவங்களைப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பிட்டு பேரை மட்டும் ஊருக்கு வெச்சுக்கிட்டாங்களாம். எவ்வளவு மரியாதை பாருங்க! நம்மாளு செய்வானா?

ஊருக்குத் திரும்பி வந்த மறு ஞாயிறே பொதுக்குழுவைக் கூட்டிட்டேன். அரைமணி நேரம் பேசினேன். 'நண்பர்களே, மேற்கு நம்மளைக் கூப்பிடுது'ன்னு ஆரம்பிச்சேன். வக்கீல் அப்படியே நிமிந்து உக்காந்தாரு. நமக்குப் பேரப்புள்ளைங்க பெருகுது, விளையாட இடமில்லை. அங்க ஷட்டில் கோர்ட்டு வரும், நடைபாதை வரும், விளக்கு வரும். ஆட்டுக்காரங்ககிட்ட பட்டா இருக்கா? இல்லை. நம்மகிட்டயும் இல்லைதான், ஆனா நம்மகிட்ட இல்லாதது வேற, அவங்ககிட்ட இல்லாதது வேற. கைதட்டல்னா கைதட்டல்.

ஜெசிந்தா சிஸ்டர் மட்டும் எந்திரிச்சாங்க. ரிட்டையர்ட் நர்ஸ், பதினாலாம் நம்பர் வீடு. 'லே-அவுட்டுலயே பூங்கான்னு ஒரு இடம் விட்டிருக்கே, அங்க விளையாடக் கூடாதா?'ன்னாங்க. அங்க சங்க ஆபீஸும் வக்கீல் கார் ஷெட்டும் இருக்கே, எப்படி விளையாடுறது? வரலாறு தெரியாதவங்ககிட்ட என்ன பேசுறது சொல்லுங்க. தீர்மானம் முப்பதுக்கு ஒண்ணுன்னு நிறைவேறிச்சு.

சரி, எப்படிப் போறது? துப்பாக்கி எடுத்துட்டா போக முடியும்? அங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. எங்ககிட்ட ஒரு பிள்ளையார் இருந்தாரு. ரெண்டரை அடி, கருங்கல்லு. கார்டன்ல கோயில் கட்டலாம்னு வாங்கினோம். என்ன பேரு வைக்கிறதுன்னு சண்டை வந்து மூணு வருஷமா தகர ஷெட்டுல சும்மா உக்காந்திருந்தாரு. கும்பாபிஷேகம் ஆகலை. குருக்களைக் கேட்டேன். 'பிரதிஷ்டை பண்ணாத வரைக்கும் அது கல்லுதான், எங்க வேணா தூக்கி வெச்சுக்கலாம். பண்ணி, பீடத்தோட ஒட்டுற மருந்து சாத்திட்டா அப்புறம் அசைக்கப்படாது'ன்னாரு. எனக்கு வேற என்ன வேணும்? கல்லா இருக்கிற வரைக்கும் நாம சொல்றபடி போவாரு. பாக்கிறவனுக்கு அவரு சாமி. எடுன்னு எவனும் சொல்ல மாட்டான். அமெரிக்காக்காரன்கிட்ட இருந்தது கடவுள் எழுதி வெச்ச விதி மட்டும்தான். எங்ககிட்ட கடவுளே இருந்தாரு, சக்கரம் வெச்ச தள்ளுவண்டியும் இருந்துது.

மாசி மாசம், மத்தியானம் ரெண்டரை மணி. ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரம். நானும் வக்கீலும் இன்னும் ரெண்டு பேருமா வண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போயி வேப்பமரத்தடியில இறக்கினோம். என் கொல்லைச் சுவத்துலேர்ந்து அறுபது அடி. கிழக்கே பாத்து உக்கார வெச்சு, ஒரு செம்பருத்தியைத் தலையில வெச்சாச்சு. பின்னாடியே கல்தூண் நட்டு முள்கம்பி. மறுநாள் வயலுக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கிட்டிருந்த சேவுகன் வந்து நின்னான். பேச மாட்டான், பாப்பான். இருளாயிதான் கேட்டா. 'என்ன சார், பிள்ளையாரு இங்க வந்துட்டாரு?'

அந்த நேரத்துல என் வாயில வந்துது தம்பி, எங்கேர்ந்து வந்துதுன்னு இன்னிக்கும் தெரியலை. 'அவரா வந்தாரு இருளாயி. மேற்கே போகணும்னு அவருக்கே விருப்பம்போல'ன்னேன். அவ ஒரு நிமிஷம் என்னைப் பாத்தா. அப்புறம் கன்னத்துல போட்டுக்கிட்டா. 'நடந்தா வந்தாரு?'ன்னா. 'நடந்துதான்'னேன். வெள்ளந்தி ஜனங்க தம்பி, எதைச் சொன்னாலும் நம்பும்.

பாவமா இருந்துதுன்னு ஒப்பந்தமும் போட்டுக் கொடுத்தேன். வேப்பமரத்துக்குக் கிழக்கே எங்களுக்கு, மேற்கே அவங்களுக்கு. 'எது வரைக்கும் சார்?'னு கேட்டா. மியூசியத்துல அந்த அம்மா ஒண்ணு சொல்லிச்சு, அங்க அப்படித்தான் வாக்குக் கொடுப்பாங்களாம். அதையே சொன்னேன். 'இந்த மண்ணுல புல்லு முளைச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் உங்களுக்குத்தான் இருளாயி.' அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

சித்திரையில போயிப் பாத்தேன். புல்லு முளைக்கலை. சித்திரை வெயில்ல புல்லு எங்க முளைக்கும்? ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. அவங்களும் வயல்பக்கம் கிடை போடப் போயிட்டாங்க, ஆளே இல்லாத இடம். பிள்ளையார் இன்னொரு நூறடி நடந்தாரு. ஆனியில பாழுங்கிணறு வரைக்கும் போயிட்டாரு. சரியா அவங்க பட்டி போடுற மேடு. அதுக்குப் பின்னாடி ஒரு பத்தடிதான், அப்புறம் ஓடை. நாலு ஏக்கரும் எங்களுது! ஷட்டில் கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாச்சு. என் கொல்லைப்பக்கம் தென்னவன் வீட்டுக்கு நானே நாலு மூலையிலயும் முளைக்குச்சி அடிச்சேன். அன்னிக்கு நான் இருந்த சந்தோஷத்துல கமலவேணியைக் கூப்பிட்டு, அந்த நாலு குச்சிக்கு நடுவுல நாற்காலி போட்டு ரெண்டு பேரும் காப்பி குடிச்சோம். அவ மட்டும் கிணத்துப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தா. 'மழைக்காலத்துல அதுங்க எங்கங்க போகும்?'னா. எதுங்க? ஆடுங்களாம்.

ஆடிக் கடைசியில திரும்பி வந்தாங்க. முன்னூறு ஆடும் முள்கம்பிக்கு வெளிய, ஓடைக்கரையில நிக்குது. இருளாயி என் வாசல்ல வந்து நின்னா. 'இது போச்சுன்னா ஐப்பசி கார்த்திகையில இந்த வாயில்லாச் சீவனுங்களை எங்க சார் கட்டுறது? எங்க வயித்தையும் சேத்துல்ல கட்டிப்புட்டீங்க'ன்னா. அழலை. கேட்டா, அவ்வளவுதான். 'நானா இருளாயி செஞ்சேன்? சாமி போற பக்கம் நாங்க போறோம், விதி'ன்னேன். அவ நேரா கிணத்து மேட்டுக்குப் போனா. பிள்ளையார் முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. சாயங்காலம் பாத்தா, ஆட்டுப்பால் கறந்து அவருக்கு ஊத்திக்கிட்டிருக்கா.

நான் சிரிச்சேன் தம்பி. சிரிச்சிருக்கக் கூடாது.

மறுநாள் நாலு பொம்பளைங்க வந்து விளக்கேத்தினாங்க. ஒரு வாரத்துல ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்காரங்கள்லாம் வர ஆரம்பிச்சுட்டாங்க. இருளாயி எல்லாருகிட்டயும் ஒரே கதைதான் சொல்றா. 'எங்க கிடையைத் தேடி சாமி நடந்தே வந்திருக்கு. மாசியில கிளம்பி, வேப்பமரத்தடியில இளைப்பாறி, நடுப்பொட்டல்ல ஒருதரம் நின்னு, நாங்க திரும்பி வர்றதுக்குள்ள எங்க மேட்டுல வந்து காத்துக்கிட்டிருந்துச்சு. நம்பலைன்னா அந்த வீட்டு சாரைக் கேளுங்க, அவருதான் முதல்ல பாத்தவரு.' கூட்டம் கூட்டமா என் வீட்டு வாசல்ல வந்து கேக்குது. நான் என்னன்னு சொல்ல? இல்லை, நாங்கதான் தள்ளுவண்டியில தள்ளினோம்னா? தலையை ஆட்டி வெச்சேன். ஒரு பாட்டி என் காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சு.

அட, எந்திரிச்சுட்டீங்களா? அந்தக் கூடைக்கார அம்மா எறங்குறதுக்கு வழியா? நல்ல புள்ளை. நான் காலைக் கொஞ்சம் நீட்டிக்கிறேன், முட்டி வலி. கேளுங்க, இனிமேத்தான் விஷயமே.

அந்த ஆவணி கடைசி முகூர்த்தத்துல வக்கீல் பொண்ணு கல்யாணம், தஞ்சாவூர்ல. கார்டனே ரெண்டு பஸ்ஸுல கிளம்பிப் போயிட்டோம், ஒருத்தர் பாக்கியில்லை. மறுநாள் சாயங்காலம் தாம்பூலப் பையோட வந்து எறங்கினா, மேட்டுல ஒலிபெருக்கி பாடுது. வாழை மரம் கட்டியிருக்கு. எங்க கல்தூணைப் பிடுங்கிப் பந்தல்கால் ஆக்கியிருக்கான். எங்க முள்கம்பியில மாவிலைத் தோரணம் தொங்குது. யாகம் வளத்து, தண்ணி ஊத்தி, மருந்து சாத்திப் பிரதிஷ்டையே பண்ணிட்டாங்க! குருக்கள் யாரு? என்கிட்ட சொன்ன அதே குருக்கள்! 'கூப்பிட்டாங்க, வந்தேன். இனிமே அசைக்கப்படாது ஓய்'ங்கிறாரு.

விட்டுருவேனா? தாசில்தாருக்கு மனு எழுதினேன், நாலு பக்கம். மேய்க்கால் புறம்போக்குல கோயில் கட்டி ஆக்கிரமிப்புன்னு. புரட்டாசியில அவரே நேர்ல வந்துட்டாரு. சிரிக்கவே தெரியாத மனுஷன். மேட்டுல நாற்காலி போட்டு உக்காந்தாரு. ஒரு பக்கம் நாங்க, ஒரு பக்கம் அவங்க. 'இந்தச் சிலையை இங்க வெச்சது யாரு?'ன்னாரு.

இருளாயி கையைக் கட்டிக்கிட்டு, 'நாங்க வைக்கலைங்க. அதுவா வந்துச்சு. எங்களுக்கு என்ன தெரியும், அந்த சாரு படிச்சவரு, அவரைக் கேளுங்க'ன்னா.

தாசில்தார் என் பக்கம் திரும்பினாரு. 'மனுதாரரே, நீங்க சொல்லுங்க. வெச்சது யாரோ அவங்கதான் ஆக்கிரமிப்பாளர். அவங்க மேல நடவடிக்கை.' நான் வக்கீலைப் பாத்தேன். வக்கீல் ஓடையைப் பாத்தாரு. 'தெரியாது'ன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். இருளாயி பின்னாடி நூறு பேரு நிக்கிறான், நான் தலையாட்டினதைப் பாத்தவன்தான் பாதிப்பேரு. என்ன பண்றது தம்பி? எழுத்துமூலமாக் கொடுங்கன்னாரு. கொடுத்தேன். இந்தக் கையாலதான் எழுதினேன். 'மேற்படி பிள்ளையார் யாருடைய தூண்டுதலும் இன்றி, தாமாகவே மேற்கு நோக்கி நடந்து வந்தார் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழ கையெழுத்து, தேதி, சங்க சீல்.

அவரு அதைப் படிச்சாரு. மடிச்சாரு. 'இந்தத் தூணும் கம்பியும் யாருது?'ன்னாரு. எங்களுது இல்லைன்னு வக்கீலே முந்திக்கிட்டாரு. அவ்வளவுதான். தானா வந்த சாமி இருந்துட்டுப் போகட்டும், மேய்க்கால் மேய்க்காலாவே இருக்கட்டும்னு எழுதிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. கடவுள் எங்களுக்குக் கொடுத்துட்டாருன்னு நான் ஆரம்பிச்சேன். கடவுளே நேர்ல வந்து கொடுத்துட்டாருன்னு அவ முடிச்சுட்டா. இப்போ பொங்கல் வெச்சா முதல் மரியாதை அவங்களுக்கு. எங்க சங்கத்துக்கு அஞ்சாவதோ ஆறாவதோ. சாமி சுத்தி வர்றதுக்குப் பாதை வேணும்னு என் கொல்லைச் சுவரு வரைக்கும் புல்லைச் செதுக்கி வெச்சிருக்காங்க. நான் அடிச்ச நாலு முளைக்குச்சியில ஆடு கட்டியிருக்கு.

சரி போகட்டும், கோர்ட்டுக்குப் போலாம், பையனுக்காகன்னு நான் நெனைச்சுக்கிட்டு இருக்கிறேன். அதுக்குள்ள அவன் வீடியோவுல வந்தான். 'அப்பா, ஒரு நல்ல சேதி. கலிபோர்னியாவுல வேலை கெடைச்சிருக்கு. வீடும் பாத்தாச்சு, நாலு ரூம், பக்கத்துலயே கடல்'னான். கலிபோர்னியா எங்கடா இருக்குன்னு கேட்டேன். 'மேற்கேப்பா, மேற்கோரத்துல'ன்னான்.

போனை அவங்கம்மாகிட்ட கொடுத்துட்டு கொல்லைப்பக்கம் போயிட்டேன். சுவத்துல அந்த சாக்பீஸ் கோடு அப்படியே இருந்துது. அழுதேன். வயசானவன் சொல்லக் கூடாது, ஆனா அழுதேன். அந்தப்பக்கமிருந்து ஒரு ஆடு என்னையே பாத்துக்கிட்டிருந்துது. இருளாயி வந்து சுவத்துக்கு மேல ஒரு சொம்பை நீட்டினா. பால். 'கண்ணைத் தொடைங்க சார், அம்மா பாத்தா மனசு உடைஞ்சு போயிரும்'னா. வாங்கிக் குடிச்சேன். கொஞ்சம் வாடைதான். ஆனா குடிச்சேன்.

கமலவேணி மறுநாள்லேர்ந்து தினம் சாயங்காலம் மேட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டா. பூக்கட்டிக் கொடுக்கிறா, இருளாயியோட உக்காந்து பேசுறா. என்ன வேண்டிக்கிறேன்னு கேட்டேன். 'மாசியில கிளம்பி சாமியே இவ்வளவு தூரம் நடந்திருக்கு. எம்புள்ளை ஒரு பிளேன் ஏறி வர மாட்டானா'ங்கிறா. எனக்குக் கோபமா வந்துது. 'ஏண்டி, சமையக்கட்டு ஜன்னல் வழியா நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே? வண்டியில வெச்சுத் தள்ளினது நாங்கதானே?'

'தள்ளினது நீங்க. அங்கேயே நின்னது அவருல்ல'ன்னா.

சரி, பையில என்னன்னு கேட்டீங்களே. மூஞ்சூறு. கமலவேணியோட நேத்திக்கடன். இவ்வளவு தூரம் நடந்த சாமிக்கு இனிமேயாவது ஒரு வாகனம் வேணுமாம். பட்டறையில சொல்லி அடிச்சு வாங்கிட்டு வர்றேன். இருளாயிதான் ஆள் அனுப்புறேன்னா, நான்தான், வேணாம், நானே போறேன்னேன். பிள்ளையார் கிழக்கே பாக்கிறாரு, அதனால மூஞ்சூறு அவரைப் பாத்து மேற்கே முகம் வெச்சு உக்காரணும். நான் சொன்னேன், மேற்கேன்னாலே எனக்குப் பிடிக்கலைடி, நம்ம புள்ளை அந்தப் பக்கம்தானே போயிட்டே இருக்கான்னு. அதுக்கு அவ சொல்றா, 'போகட்டும்ங்க. மேற்கேயே போகட்டும். கடலைத் தாண்டி இன்னும் மேற்கேயே போனான்னா நம்ம வீட்டுக்குத்தானே வந்து சேரணும், உலகம் உருண்டைதானே'ன்னு. எட்டாங் கிளாஸ் படிச்சவ தம்பி அவ.

விசில் அடிச்சுட்டான், என் ஸ்டாப்புதான். பேரைக் கேட்டீங்களா, எப்படிக் கத்துறான் பாருங்க. நடந்த பிள்ளையார் கோயிலாம். இதோ எறங்குறேன்யா, பையைத் தூக்க வேணாமா! தம்பி, ஒரு கை பிடிங்க. அதோ நிக்கிறா பாருங்க சும்மாட்டுத் துணியோட, அதான் இருளாயி. என்னால தூக்க முடியாதுன்னு அவளே வந்துட்டா.

ஆமா, நீங்க என்ன தம்பி, இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டேவா வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அந்த இடம் காலியாக் கிடக்குதுன்னுல்ல நெனைச்சுட்டேன்.